இரவு பத்து மணிக்கு அப்பா ஏன் ‘வேண்டாம்’ என்கிறார்?



பள்ளிச் சுற்றுலாவுக்கான பெற்றோர் ஒப்புதல் படிவத்தை இரவு பத்து மணிக்கு அப்பாவிடம் நீட்டிப் பார்த்திருக்கிறீர்களா? கடையை அடைத்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருப்பார். படிவத்தை முழுதாகப் படிக்கக்கூட மாட்டார். “இதெல்லாம் இப்ப வேண்டாம்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். மறுநாள் காலையில் அதே படிவத்தைக் கொடுத்தால், “எத்தனை மணிக்கு பஸ்? எந்த ஆசிரியர் கூட வர்றார்?” என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

அதே அப்பா, அதே படிவம், அதே சுற்றுலா. ஆனால் பதில் மாறிவிட்டது. ஏன்?

நாள் முழுவதும் முடிவெடுத்துக் களைத்த மூளை, மாலையில் வேறு விதமாக முடிவெடுக்கிறது என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். இதை ‘முடிவுச் சோர்வு’ என்று அழைக்கலாம். சொந்தத் தொழில் செய்பவர்களை இது அதிகம் தொடும் என்பார்கள். அது உண்மைதானா, அதற்கு என்ன சான்று இருக்கிறது, அதைச் சமாளிக்க என்ன செய்யலாம் என்பதே இந்த வாரப் பாடம்.

ஒரு கடைக்காரரின் ஒரு நாள்

என் அப்பா பேராக் மாநிலத்தின் சிறிய ஊர் ஒன்றில் மளிகைக்கடை நடத்தினார். காலை ஐந்தரைக்குக் கடை திறக்கும். ரொட்டி வேன் வந்து நிற்கும்: இன்று இருபது பாக்கெட்டா, முப்பதா? தக்காளி விலை ஏறியிருக்கிறது: இரண்டு பெட்டி எடுப்பதா, ஒன்றோடு நிறுத்துவதா? வேலையாள் வரவில்லை: யாரைக் கூப்பிடுவது? வாடிக்கையாளர் ஒருவர் கடன் கேட்கிறார். ‘555’ நோட்டுப் புத்தகத்தில் ஏற்கனவே அவர் பெயரில் 80 ரிங்கிட் நிற்கிறது. கொடுப்பதா, மறுப்பதா? மறுத்தால் அவர் வேறு கடைக்குப் போய்விடுவாரா?

இவை எல்லாம் காலை ஒன்பது மணிக்குள் வந்துவிடும். ஒவ்வொன்றும் சின்ன முடிவுதான். ஆனால் ஒவ்வொன்றிலும் பணம் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் அவர் ஒருவரே பொறுப்பு. சம்பளத்துக்கு வேலை செய்பவர் சிக்கலான கேள்வியை மேலாளரிடம் தள்ளிவிடலாம். கடைக்காரருக்கு மேலே யாரும் இல்லை.

நான் இரண்டாம் படிவம் படித்த ஆண்டு, தீபாவளிக்கு முந்திய வாரம். முறுக்கு மாவு, எண்ணெய், பலகாரச் சாமான் என்று கடையில் கூட்டம் நெரிந்தது. இரவு ஒன்பதரைக்கு ஒரு விற்பனையாளர் வந்தார். இரண்டு பெரிய குளிர்ப்பெட்டிகளை வாடகைக்குத் தருவதாகச் சொல்லி நான்கு பக்க ஒப்பந்தத்தை நீட்டினார். அப்பா கையெழுத்துப் போட்டார். மாதம் 160 ரிங்கிட், 36 மாதம், இடையில் நிறுத்த முடியாது. மொத்தம் 5,760 ரிங்கிட். எங்கள் கடையில் ஒரு குளிர்ப்பெட்டிக்கே போதுமான சரக்கு கிடையாது.

மறு ஆண்டு எனக்கு பி.எம்.ஆர். தேர்வு. அந்த ஆண்டு நான் டியூஷனுக்குப் போகவில்லை. “படிக்காமலா கையெழுத்துப் போட்டீங்க அப்பா?” என்று ஒரு நாள் கோபமாகவே கேட்டுவிட்டேன். “படிச்சேன்மா. கண்ணு படிச்சது, மண்டையில ஏறல” என்றார்.

அந்தப் பதிலுக்குப் பின்னால் ஓர் அறிவியல் கேள்வி இருக்கிறது என்று எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின.

மூளையில் எந்தப் பகுதி முடிவெடுக்கிறது?

‘செரெப்ரம்’ என்ற பெருமூளையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் முன்பகுதியில், உங்கள் நெற்றிக்கு நேர் பின்னால் இருப்பது முன்நுதல் புறணி. திட்டமிடுவது, இரண்டு வழிகளை ஒப்பிடுவது, ஆசையை அடக்குவது, உடனடி லாபத்தை விட்டு நாளைய நன்மையை நினைப்பது ஆகிய வேலைகளில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

எல்லாச் செயலுக்கும் இந்தப் பகுதி கடுமையாக உழைக்க வேண்டியதில்லை. பல் துலக்கும்போது எந்தப் பக்கத்தில் தொடங்குவது என்று நீங்கள் யோசிப்பதில்லை. பழகிய செயல்களை மூளை தானாகவே ஓட்டுகிறது. புதிய சூழ்நிலை, ஒப்பிட வேண்டிய விலை, மறுக்க வேண்டிய ஆள் என்று வரும்போதுதான் முன்நுதல் புறணி முழுமூச்சாக இறங்க வேண்டியிருக்கிறது. கடைக்காரரின் நாளில் இத்தகைய தருணங்கள் அதிகம்.

உடல் எடையில் மூளையின் பங்கு ஏறக்குறைய 2 விழுக்காடுதான். ஆனால் நாம் சும்மா இருக்கும்போதுகூட உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. ‘அப்படியானால் யோசித்து யோசித்து மூளையின் சர்க்கரை தீர்ந்துவிடுகிறது, அதுதான் சோர்வு’ என்று சொல்லத் தோன்றும். ஒரு காலத்தில் சில ஆய்வாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் கடினமாகச் சிந்திக்கும்போது மூளையின் மொத்தச் செலவு கொஞ்சமே கூடுகிறது. எனவே அந்த விளக்கம் நிற்கவில்லை.

ஆய்வுகள் என்ன காட்டின?

முதலாவது, முள்ளங்கி ஆய்வு. 1998-ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் அவருடைய குழுவினரும் வெளியிட்டது. பசியோடு வந்த மாணவர்களைச் சாக்லெட் பிஸ்கட் மணக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். சிலருக்குப் பிஸ்கட் கிடைத்தது. சிலர் பிஸ்கட்டைத் தொடாமல் முள்ளங்கியை மட்டும் தின்ன வேண்டும். பிறகு எல்லாருக்கும் தீர்வே இல்லாத ஒரு புதிரைக் கொடுத்தார்கள். பிஸ்கட் தின்றவர்கள் சராசரியாக 19 நிமிடம் போராடினார்கள். ஆசையை அடக்கி முள்ளங்கி தின்றவர்கள் ஏறக்குறைய 8 நிமிடத்தில் கைவிட்டார்கள். மனவுறுதி ஒரு தொட்டித் தண்ணீர் போன்றது, பயன்படுத்தினால் குறையும் என்ற கருத்து இதிலிருந்து பரவியது. முடிவெடுப்பதும் அதே தொட்டியிலிருந்துதான் எடுக்கிறது என்று பின்னர் சொன்னார்கள்.

இரண்டாவது, நீதிபதிகள் ஆய்வு. 2011-இல் வெளிவந்தது. இஸ்ரேலில் எட்டு நீதிபதிகள் பரோல் விண்ணப்பங்களுக்கு வழங்கிய 1,112 தீர்ப்புகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். அமர்வின் தொடக்கத்தில் ஏறத்தாழ 65 விழுக்காடு விண்ணப்பங்களுக்குச் சாதகமான தீர்ப்பு கிடைத்தது. நேரம் போகப் போக அது குறைந்து பூஜ்யத்தை நெருங்கியது. உணவு இடைவேளைக்குப் பிறகு மீண்டும் 65-க்கு ஏறியது. களைத்த நீதிபதி ‘இருப்பது இருந்தபடியே இருக்கட்டும்’ என்ற சுலபமான முடிவுக்குச் சாய்கிறார் என்று விளக்கினார்கள். அப்பாவின் ‘இப்ப வேண்டாம்’ நினைவுக்கு வருகிறதா?

மூன்றாவது, மருத்துவர்கள் ஆய்வு. 2014-இல் அமெரிக்காவில் வெளியானது. சளி, இருமல் போன்ற சுவாசத் தொற்றுகளுடன் வந்த நோயாளிகளுக்கு மருத்துவர்கள் எப்போது நுண்ணுயிர்க்கொல்லி எழுதித் தருகிறார்கள் என்று பார்த்தார்கள். காலை அமர்விலும் சரி, பிற்பகல் அமர்விலும் சரி, மணி கூடக் கூட மருந்து எழுதிக் கொடுப்பதும் கூடியது. ‘இதற்கு மருந்து தேவையில்லை’ என்று நோயாளிக்கு விளக்குவதைவிட எழுதிக் கொடுத்துவிடுவது எளிது அல்லவா?

கவனியுங்கள். நீதிபதிகள் களைத்தபோது ‘முடியாது’ பக்கம் சாய்ந்தார்கள். மருத்துவர்கள் ‘சரி, இந்தாருங்கள்’ பக்கம் சாய்ந்தார்கள். என் அப்பாவும் விற்பனையாளரிடம் ‘சரி’ என்றுதான் சொன்னார். பொதுவாக இருப்பது ஒன்றுதான்: அந்த நேரத்தில் குறைந்த உழைப்பில் பேச்சை முடிக்கும் வழி எதுவோ, அதன் பக்கம் சாய்வது.

கொஞ்சம் பொறுங்கள்!

இதோடு கட்டுரையை முடித்தால் நான் நல்ல அறிவியல் ஆசிரியராக இருக்க மாட்டேன். தொடக்கப்பள்ளியில் ‘உற்றறிதல்’, ‘ஊகித்தல்’ என்று இரண்டு சொற்களைப் படித்தீர்களே, அவற்றை இப்போது வெளியே எடுங்கள்.

‘நேரம் போகப் போகச் சாதகமான தீர்ப்புகள் குறைந்தன’ என்பது உற்றறிதல். ‘நீதிபதிகள் களைத்ததால் குறைந்தன’ என்பது ஊகித்தல். அதே ஆண்டிலேயே வேறு ஆய்வாளர்கள் ஒரு குறையைச் சுட்டிக்காட்டினார்கள். வழக்குகள் குலுக்கல் முறையில் வரவில்லை. வழக்கறிஞர் இல்லாத கைதிகளின் வழக்குகள் பெரும்பாலும் இடைவேளைக்குச் சற்று முன்னால் வந்தன. வழக்கறிஞர் இல்லாதவருக்கு எந்த நேரத்திலும் வெற்றி வாய்ப்புக் குறைவு. அதாவது, ஒரு மாறி கட்டுப்படுத்தப்படாமல் விடுபட்டுப் போயிருந்தது.

முள்ளங்கி ஆய்வு கிளப்பிய கருத்துக்கும் சோதனை வந்தது. 2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள் ஒன்றுசேர்ந்து, 2,000-க்கும் மேற்பட்டவர்களிடம், மனவுறுதி குறைகிறதா என்று ஒரே முறையில் சோதித்தன. கிடைத்த விளைவு ஏறத்தாழ பூஜ்யம். 2021-இல் 36 ஆய்வுக்கூடங்கள் மீண்டும் முயன்றன. அப்போதும் மிகச் சிறிய விளைவே தெரிந்தது. ‘தொட்டித் தண்ணீர்’ விளக்கத்தை இன்று பலர் நம்புவதில்லை.

அப்படியானால் முடிவுச் சோர்வே பொய்யா? அவசரப்படாதீர்கள். அந்தச் சோதனைகளில் பங்கேற்றவர்கள் சில நிமிடங்கள்தான் மூளையைக் களைக்க வைத்தார்கள். கடைக்காரர் பதினான்கு மணி நேரம் நிற்கிறார்.

2022-இல் பாரிஸ் ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். தன்னார்வலர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஆறு மணி நேரத்துக்கும் மேலாகக் கணினியில் வேலை கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குக் கடினமான வேலை, இன்னொன்றுக்கு எளிய வேலை. காந்த ஒத்ததிர்வுக் கருவியின் மூலம் மூளையில் உள்ள வேதிப்பொருள்களை அளந்தார்கள். கடினமான வேலை செய்தவர்களின் முன்நுதல் புறணியில் குளூட்டமேட் என்ற பொருள் கூடியிருந்தது. குளூட்டமேட் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள். அது அளவுக்கு மேல் தேங்கினால் அந்தப் பகுதியை இயக்குவது கடினமாகலாம் என்பது அவர்களின் ஊகம். அதே ஆட்கள் மாலையில், காத்திருந்து பெறும் பெரிய தொகையைவிட உடனே கிடைக்கும் சிறிய தொகையை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். இது நல்ல தொடக்கம். ஆனால் ஓர் ஆய்வு போதாது, மற்றவர்களும் செய்து பார்த்து இதே முடிவு வர வேண்டும்.

இப்போது என் அப்பாவின் கதைக்கு வருவோம். அன்று இரவு அவர் முடிவெடுத்துக் களைத்திருந்தார். ஆனால் மதியம் சரியாகச் சாப்பிடவும் இல்லை. முதல் நாள் இரவு நான்கு மணி நேரம்தான் தூங்கினார். கால் வலி வேறு. விற்பனையாளர் பேச்சில் கெட்டிக்காரர். இவற்றில் எது காரணம்? ஒரே ஒரு நிகழ்வை வைத்து யாராலும் சொல்ல முடியாது. ‘முடிவுச் சோர்வுதான்’ என்று நான் சொன்னால் அது ஊகம் மட்டுமே. நல்ல வேளையாக, கடையைக் காப்பாற்றுவதற்கு அந்தக் காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. எல்லாக் காரணங்களும் ஒரே நேரத்தில், நாளின் முடிவில் வந்து குவிகின்றன. ஆகவே முடிவெடுக்கும் நேரத்தை மாற்றினால் போதும்.

தொழில் செய்பவர் என்ன செய்யலாம்?

1. ஒரு முறை யோசித்து விதியாக்குங்கள். “யாருக்கும் 50 ரிங்கிட்டுக்கு மேல் கடன் இல்லை” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தீர்மானித்துவிட்டால், பிறகு ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் போராட வேண்டியதில்லை. நூறு முடிவுகள் ஒரே முடிவாகச் சுருங்கிவிடும். கடன் கேட்பவருக்கும் வருத்தம் குறையும். மறுப்பது ஆள் அல்ல, கடையின் விதி என்று புரிந்துகொள்வார்.

2. ‘இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்’ என்று முன்கூட்டியே எழுதுங்கள். ஜெர்மனி உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இத்தகைய திட்டங்களை நெடுங்காலம் ஆராய்ந்தவர். ‘கவனமாக இருப்பேன்’ என்பதைவிட, ‘அரிசி ஐந்து மூட்டைக்குக் கீழே போனால் பத்து மூட்டை சொல்வேன்’ என்பது செயலாகும் வாய்ப்பு அதிகம்.

3. பெரிய முடிவு காலையில். ஒப்பந்தம், கடன், ஆள் சேர்ப்பது, புதிய சரக்கு ஆகியவற்றைத் தூங்கி எழுந்து, சாப்பிட்ட பிறகு பாருங்கள்.

4. போதுமான அளவு நல்லதோடு நிறுத்துங்கள். 1978-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹெர்பெர்ட் சைமன் சொன்ன கருத்து இது. எல்லா வழிகளையும் அலசி மிகச் சிறந்ததைத் தேட மனிதருக்கு நேரமும் ஆற்றலும் போதாது. தேவைக்குப் போதுமானது கிடைத்தவுடன் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். பிளாஸ்டிக் பை வாங்க ஆறு கடை விலை கேட்க வேண்டாம். குளிர்ப்பெட்டி வாங்க ஆறு கடை கேளுங்கள்.

5. சிறிய முடிவுகளைப் பிரித்துக் கொடுங்கள். “பத்து ரிங்கிட்டுக்கு உட்பட்ட புகாரை நீயே தீர்த்துவிடு” என்று வேலையாளிடம் சொல்லலாம்.

6. இடைவேளை விடுங்கள். கல்லாவிலேயே நின்றபடி சாப்பிடுவது இடைவேளை ஆகாது. பதினைந்து நிமிடமாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தூக்கத்துக்கு மாற்று எதுவும் இல்லை.

செய்து பாருங்கள்

முடிவெடுப்பது உண்மையிலேயே கவனத்தைக் குறைக்கிறதா? வகுப்பு நண்பர்களோடு சேர்ந்து சோதிக்கலாம்.

தேவையானவை: பேரங்காடி விலைப்பட்டியல் தாள், நாளிதழின் இரண்டு கட்டுரைகள் (ஒரே நீளம்), கடிகாரம்.

முதல் நாள் மாலை நான்கு மணிக்கு, விலைப்பட்டியலில் இரண்டிரண்டு பொருளாக ஒப்பிட்டு, எதை வாங்குவீர்கள் என்று 20 நிமிடம் எழுதுங்கள். உடனே ஒரு கட்டுரையை எடுத்து, ஐந்து நிமிடத்தில் அதில் உள்ள ‘க’ எழுத்துகளை எல்லாம் வட்டமிடுங்கள். இரண்டாம் நாள் அதே நேரத்தில், பொருள்களின் பெயர்களைத் தேர்வு செய்யாமல் 20 நிமிடம் பார்த்து எழுதுங்கள். பிறகு மற்றக் கட்டுரையில் வட்டமிடுங்கள். விட்டுப்போன எழுத்துகளை எண்ணுங்கள்.

தற்சார்பு மாறி: செய்த வேலையின் வகை (தேர்வு செய்தல் அல்லது பார்த்து எழுதுதல்).
சார்பு மாறி: விட்டுப்போன எழுத்துகளின் எண்ணிக்கை.
கட்டுப்படுத்தப்பட்ட மாறி: நேரம், இடம், கட்டுரையின் நீளம், சோதனைக்கு முன் உண்ட உணவு.

ஒரு முக்கியமான குறிப்பு: வகுப்பில் பாதிப் பேர் முதல் நாள் தேர்வு செய்யட்டும், மீதிப் பேர் முதல் நாள் பார்த்து எழுதட்டும். இரண்டாம் நாள் எல்லாருக்கும் வட்டமிடுவது பழகிப்போயிருக்கும். அந்தப் பழக்கத்தின் விளைவைச் சோர்வின் விளைவு என்று தவறாக எண்ணிவிடக் கூடாது. வித்தியாசமே தெரியவில்லை என்றால் சோதனை தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். 23 ஆய்வுக்கூடங்களுக்கும் கிடைத்தது ஏறக்குறைய அதுதான். கிடைத்ததை அப்படியே எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று

அந்தக் குளிர்ப்பெட்டிகள் மூன்று ஆண்டுகள் எங்கள் கடையில் பாதி காலியாக நின்றன. அப்பா ஆய்வு எதையும் படித்தவர் அல்லர். ஆனால் அடுத்த மாதமே ஓர் அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டினார்: “மாலை 6 மணிக்கு மேல் கையெழுத்து இல்லை. காலையில் வரவும்.” விற்பனையாளர்கள் சிரித்தார்கள். சிலர் காலையில் திரும்பி வந்தார்கள், பலர் வரவில்லை. வராதவர்களிடம் வாங்கியிருக்க வேண்டாம் என்று அப்பா சொல்வார்.

உங்கள் வீட்டில் யாராவது உணவகமோ, முடிதிருத்தும் நிலையமோ, பூக்கடையோ நடத்துகிறார்களா? இரவில் அவர்கள் சொல்லும் ‘வேண்டாம்’ உங்கள் மேல் உள்ள வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்று அவர்கள் எத்தனை கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். படிவத்தை மேசையில் வைத்துவிட்டு, “அப்பா, இதைக் காலையில பாருங்க” என்று சொல்லுங்கள். முடிந்தால் ஒரு கோப்பை தண்ணீரும் கொடுங்கள்.

சிந்தித்து விடை எழுதுக

1. நீதிபதிகள் ஆய்வில் உற்றறிதல் எது, ஊகித்தல் எது?
2. அந்த ஆய்வில் கட்டுப்படுத்தப்படாமல் விடுபட்ட மாறி எது? அது முடிவை எப்படி மாற்றக்கூடும்?
3. ‘மூளையின் சர்க்கரை தீர்வதால்தான் முடிவுச் சோர்வு வருகிறது’ என்ற கூற்று ஏன் நிற்கவில்லை?
4. உங்களுக்குத் தெரிந்த ஒரு தொழில் செய்பவரிடம் பேசி, அவர் தினமும் திரும்பத் திரும்ப எடுக்கும் ஒரு முடிவைக் கண்டறியுங்கள். அதை ஒரே விதியாக எழுதிக் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து அது பயன்பட்டதா என்று கேளுங்கள்.